துணி காய ஏன் இவ்வளவு நேரம்?

நியூ ஜெர்சியில் எடிசனுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த டவுன்ஹவுஸுக்கு நாங்கள் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, மாடியில் துணி எடுக்கப் போன அம்மா அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். தென்காசியிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு தங்கியிருந்தவர் அவர். "இந்தப் பெட்டி மேல கையே வைக்க முடியலடி, அப்படிச் சுடுது. ஆனா துண்டு எல்லாம் ஈரமாத்தான் இருக்கு. கொடியில போட்டிருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும்" என்றார். போய்த் தொட்டுப் பார்த்தேன். துணி உலர்த்தும் டிரையரின் மேல்தகடு கை பொறுக்காத சூட்டில் இருந்தது. உள்ளே இருந்த துணிகள் இரண்டு முறை முழுதாகச் சுற்றி முடித்த பிறகும் கனமாக, ஈரமாகக் கிடந்தன. சின்னஞ்சிறு லாண்டரி அறையின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

பெட்டி சுடுகிறது, துணி காயவில்லை என்று அம்மா சொன்ன அந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலே கோளாறு எங்கே என்பது விளங்கிவிடும். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. மூன்று மாதங்களாகவே அறிகுறிகள் தெரிந்துகொண்டுதான் இருந்தன. அக்டோபரில் 50 நிமிடத்தில் காய்ந்த துணிக்கு நவம்பரில் 70 நிமிடம் ஆயிற்று. குளிர்காலம், தடித்த துணிகள், அதனால்தான் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுபடி ஒரு முறை பொத்தானை அழுத்தி ஓடவிட்டோம். நவம்பர் கடைசியில் ஒரு நாள் துணி சுழலும் உருளை சுற்றியது, ஆனால் சூடு வரவில்லை. பழுது பார்க்க வந்தவர் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, வெப்ப ஃபியூஸ் போய்விட்டது என்று சொல்லி, புதிய ஃபியூஸைப் பொருத்திவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனார். அது எதனால் போனது என்று அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. வெப்பம் அளவுக்கு மீறினால் தன்னை அழித்துக்கொண்டு நம்மைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்ட பாகம் அது. அது போனால், வெப்பம் ஏன் மிஞ்சியது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

டிரையர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வாஷிங் மெஷின் நன்றாகப் பிழிந்து கொடுத்த பிறகும் ஒரு முறை போடும் நடுத்தர அளவுத் துணிச் சுமையில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் தங்கியிருக்கும். அந்த நீரை ஆவியாக்க வெப்பம் வேண்டும்; ஆன ஆவியை வீட்டை விட்டு வெளியேற்றக் காற்றோட்டம் வேண்டும். இங்கே விற்கும் மின்சார டிரையர்களின் சூடேற்றும் கம்பிச் சுருள் 240 வோல்ட்டில் ஏறத்தாழ 5,000 வாட் இழுக்கும். நம் ஊர் இஸ்திரிப் பெட்டிகள் ஐந்தை ஒரு சின்னத் தகரக் கூட்டுக்குள் சேர்த்து வைத்தது போன்ற சூடு அது. ஒரு விசிறி அறைக்காற்றை உள்ளே இழுத்து, அந்தச் சுருளின் மேல் ஓடவிட்டு, சுழலும் துணிகளின் நடுவே செலுத்தி, வடிகட்டி வழியாகக் கடத்தி, சுவருக்குள் போகும் 4 அங்குலக் குழாயில் தள்ளி, வீட்டுக்கு வெளியே அனுப்புகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைப்பு வந்தாலும் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்த காற்று சுருளின் அருகே அதிக நேரம் நின்று மிகுதியாகச் சூடேறும். ஈரமோ வெளியே போக வழியில்லாமல் உருளைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டி கொதிப்பதும் துணி ஈரமாக இருப்பதும் ஒரே அடைப்பினால்தான்.

அடைப்பது எது? இங்கே எல்லோரும் லின்ட் என்று சொல்லும் பஞ்சுத் தூசிதான். ஒவ்வொரு முறை உருளும்போதும் துணியிலிருந்து நுண்ணிய இழைகள் உதிர்கின்றன. வடிகட்டியின் வலை அவற்றில் ஒரு பகுதியைப் பிடிக்கிறது; மீதி வலையைத் தாண்டிக் குழாய்க்குள் போகிறது, உருளையின் விளிம்பு வழியே கசிந்து பெட்டியின் அடிப்பகுதியிலும் மோட்டாரைச் சுற்றியும் படிகிறது. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி வரும் பொறியை இலவம்பஞ்சில் பிடித்துத் தீ மூட்டிய காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். உலர்ந்த லின்ட் அந்தப் பஞ்சுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இங்கே காடுகளில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் முட்டை அட்டையின் குழிகளில் லின்டை அடைத்து, மேலே மெழுகை உருக்கி ஊற்றி, நெருப்பு மூட்டுவதற்கென்றே எடுத்துப் போவார்கள். அப்படிப்பட்ட பொருளைத்தான் நாம் 5,000 வாட் சுருளுக்கு ஓர் அடி தூரத்தில் மாதக்கணக்கில் சேர்த்து வைக்கிறோம். அதில் ஒரு துணுக்கு சுருளில் பட்டுப் பற்றிக்கொண்டால் விசிறியே அதை இழுத்துக்கொண்டு போய் உருளைக்குள்ளும் குழாய்க்குள்ளும் சேர்க்கும். குழாயின் சுவரெங்கும் பஞ்சு ஒட்டியிருந்தால் தீ சுவருக்குள்ளேயே ஓடும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும் மரச்சட்டக் கட்டடத்தில் இதன் பொருள் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் கணவர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். இருவருமாக டிரையரை முன்னால் இழுத்தோம். அதன் பின்னால், இயந்திரத்தையும் சுவர்க் குழாயையும் இணைக்கும் அலுமினிய ஃபாயில் குழாய், பாம்பு உரித்துப் போட்ட சட்டை போலத் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. வீட்டை எங்களுக்கு விற்றவர்கள் பொருத்தியது. டிரையரைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தபோது நசுங்கியிருக்க வேண்டும். அதைக் கழற்றியதும், சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில், மெத்தைக்குள்ளிருந்து எடுத்தது போன்ற பஞ்சு உருண்டையாக வெளியே விழுந்தது. சுவர்க் குழாய்க்குள் டார்ச் அடித்தபோது நடுவில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு மட்டுமே வழி இருந்தது. வேறொரு பழுதுபார்ப்பவரை வரவழைத்து இயந்திரத்தின் பெட்டியைத் திறக்கச் சொன்னோம். சூடேற்றியின் தகரக் கூட்டை ஒட்டியிருந்த பஞ்சு, அடிப்பிடித்த பாலின் நிறத்தில் பழுப்பேறியிருந்தது. ஓரிடத்தில் கறுத்தும் இருந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தொட்டதும் பொடிந்தது. பக்கத்து அறையில் என் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, இரவு பத்து மணிக்குப் பொத்தானை அழுத்திவிட்டுப் படுக்கப் போன நாள்களை நினைத்து அன்று முழுக்க எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான காலத்துக்குத் தந்த கணக்கின்படி, இந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் துணி டிரையர்களால் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றில் ஆண்டுக்கு 5 உயிரிழப்புகள், 100 பேருக்குக் காயம், 3.5 கோடி டாலர் பொருள் இழப்பு. காரணங்களில் முதலிடத்தில் இருந்தது, 34 சதவீதத்தோடு, சுத்தம் செய்யாமல் விட்டது. மாதங்களில் ஜனவரிதான் மிக மோசமானது. எங்கள் வீட்டுக் கதையும் ஜனவரியில்தான் நடந்தது என்பதை அந்த அறிக்கையைப் படித்தபோது கவனித்தேன்.

குழாயைப் பற்றி இங்குள்ள கட்டட விதிகள் தெளிவாகவே பேசுகின்றன. பல மாநிலங்கள் அடிப்படையாகக் கொண்டிருக்கும் ஐ.ஆர்.சி. என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின்படி, சுவருக்குள் போகும் டிரையர் குழாய் உட்புறம் வழவழப்பான உலோகத்தால், 4 அங்குல விட்டத்தில் இருக்க வேண்டும். அதன் நீளம் பொதுவாக 35 அடிக்கு மிகக் கூடாது. 90 பாகை வளைவு ஒவ்வொன்றுக்கும் இதில் 5 அடியையும், 45 பாகை வளைவுக்கு இரண்டரை அடியையும் கழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் லாண்டரி அறை மாடியின் நடுவில் இருக்கிறது. குழாய் மூன்று முறை திரும்பிப் பின்சுவருக்குப் போகிறது. எனவே எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட நீளம் 20 அடி. இருப்பது 18 அடி. விதிக்குள் அடங்குகிறது, ஆனால் பஞ்சு தங்குவதற்கு மூன்று முழங்கைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பேஸ்மென்டில் வெளிச்சுவரை ஒட்டி வைத்த டிரையருக்கு இந்தத் தொல்லை குறைவு. படுக்கையறைகளுக்குப் பக்கத்திலேயே துணி துவைக்கும் வசதி வேண்டும் என்று லாண்டரியை மாடிக்குக் கொண்டுவந்தபோது குழாய்கள் நீண்டுவிட்டன. குழாய்த் துண்டுகளை இணைக்கும் ஸ்க்ரூவின் முனை உட்புறமாக நீட்டிக்கொண்டிருந்தாலும் அதில் பஞ்சு மாட்டிச் சேரும் என்பதால், அது 1/8 அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது என்றுகூட விதி இருக்கிறது. இணைப்புகளை உலோக ஃபாயில் டேப்பால் ஒட்டுவதே நல்லது. துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும்.

டிரையருக்கும் சுவருக்கும் இடையிலான சிறு இணைப்பை மட்டும் வளையும் குழாயால் செய்யலாம். அதுவும் ஒரே துண்டாக, 8 அடிக்கு மேற்படாமல், அதற்கென்று சோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் வெள்ளை பிளாஸ்டிக் சுருள்குழாய் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அது சூட்டில் உருகும், தானே எரியும். மெல்லிய ஃபாயில் குழாயும் எங்கள் வீட்டில் ஆனது போல எளிதில் நசுங்கும், அதன் மடிப்புகளில் பஞ்சு தேங்கும். நாங்கள் அதை எடுத்துவிட்டுக் கெட்டியான அலுமினியக் குழாயைப் பொருத்தி, டிரையர் சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளியே நிற்கும்படி தரையில் ஒரு கட்டையை வைத்திருக்கிறோம்.

சுத்தம் செய்யும் வேலை ஒரு காலைப்பொழுதுக்குள் முடிவது. மின்சார டிரையர் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அல்லது பிரேக்கரை அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் 4 அங்குல வட்ட பிரஷும், ஒன்றோடொன்று திருகி நீட்டிக்கொள்ளும் வளையும் கம்பிகளும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. கம்பியின் மறுமுனையை டிரில்லில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, இழுத்து, விழும் பஞ்சை வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். கடிகார முள் சுற்றும் திசையிலேயே டிரில்லைச் சுழற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுழற்றினால் கம்பிகளின் திருகு கழன்று பிரஷ் சுவருக்குள்ளேயே தங்கிவிடும், அப்புறம் சுவரை உடைக்க வேண்டியதுதான். நாங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் டேப் சுற்றிக்கொண்டோம். முதல் முறை எடுத்த பஞ்சு ஒரு பெரிய குப்பைப் பையை நிறைத்தது. குழாய் கூரை வழியாக வெளியேறும் வீடுகளில் ஏணி வைத்து ஏற முயலாமல், இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவர்களை அழைப்பதே அறிவுடைமை. வேலை முடிந்து அவர்கள் கிளம்புவதற்கு முன், டிரையரை ஓடவிட்டு, குழாயின் வெளிப்புற வாயில் காற்று வருவதைக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும். துணி அதிகம் துவைக்கும் குடும்பம், ரோமம் உதிர்க்கும் நாயோ பூனையோ இருக்கும் வீடு என்றால் இரண்டு முறை.

வெளிச்சுவரில் இருக்கும் குழாயின் வாயை இங்கே பலர் வீடு வாங்கிய நாளிலிருந்து பார்த்ததே இல்லை. அங்கே ஒரு மூடி இருக்கும். டிரையர் ஓடும்போது காற்றின் விசையில் திறந்து, நின்றதும் மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு மூடி அன்று ஒரு விரற்கடை கூடத் திறக்கவில்லை. வசந்தகாலத்தில் சிட்டுக்குருவிகளும் ஸ்டார்லிங் பறவைகளும் வெதுவெதுப்பான இந்த வாய்க்குள் கூடு கட்டும். பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகு தாழ்வான வாயைப் பனி மூடிவிடும். பறவைக்குப் பயந்து கொசுவலை போன்ற கம்பிவலையை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதை விதி தடை செய்கிறது, காரணத்தோடுதான்: ஈரப் பஞ்சு சில வாரங்களிலேயே அந்த வலையை அடைத்துவிடும்.

வடிகட்டியை ஒவ்வொரு முறையும் வழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது, வாசனைக்காகவும் மென்மைக்காகவும் துணியோடு போடும் டிரையர் ஷீட்கள் அந்த வலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலத்தை விட்டுப் போகும் என்பது. வலையைக் கழற்றிக் குழாயடியில் பிடித்து நீர் விட்டுப் பாருங்கள். நீர் வலையின் மேல் தேங்கி நின்றால், அதன் வழியாகக் காற்றும் சரியாகப் போகாது. வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்த்துக் காயவைத்தால் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் நீர் குளம் போல் நின்றது.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு, தலையணை உறை, வடை சுட்ட நாளில் அடுப்படியைத் துடைத்த துணி ஆகியவை ஒரு முறை துவைத்ததும் எண்ணெயை முழுதாக விட்டுவிடுவதில்லை. டிரையர்களோடு வரும் கையேடுகளில், சமையல் எண்ணெய் பட்ட துணிகளைப் போடக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கும். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் உண்டாகிறது. சூடான துணிகள் குவியலாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போய், இயந்திரம் நின்று நேரமான பிறகும் துணி தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். தேங்காய் எண்ணெயைவிட நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் இவ்வகையில் விரைவாக வினைபுரிபவை. ஆகவே அத்தகைய துணிகளை வெந்நீரில் நன்றாக அலசி, இப்போது நாங்கள் பேஸ்மென்டில் கட்டியிருக்கும் கொடியில்தான் போடுகிறோம். கொடி கட்டியது அம்மா. எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் அசோசியேஷன் வெளியே துணி காயப்போட அனுமதிப்பதில்லை. வீட்டுக்குள் கட்டும் கொடியை யாரும் கேட்பதில்லை. மற்றத் துணிகளுக்கும், கடைசியில் சூடில்லாமல் சுற்றும் சில நிமிடங்களை முடியும் வரை விட்டுவிட்டு, எடுத்ததும் குவித்து வைக்காமல் உதறி மடிப்பது நல்லது.

எரிவாயுவில் ஓடும் டிரையர் என்றால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. எரிந்த வாயுவும் அதே குழாயில்தான் வெளியேறுகிறது. குழாய் அடைத்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அந்த மாடியில் புகை அலாரத்தோடு கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்க வேண்டும். எந்த வகையானாலும், வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போதும் தூங்கும்போதும் டிரையரை ஓடவிட வேண்டாம். கருகல் வாடை வந்தோ, உள்ளே புகை தெரிந்தோ விட்டால் டிரையரின் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது. திறந்த கணம் தீக்குக் காற்று கிடைத்துவிடும். அறைக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டிலுள்ள எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய், அங்கிருந்து 911-ஐ அழைக்க வேண்டும்.

குழாய் சுத்தமாக இருந்தும் இயந்திரமே பழுதானதாக இருக்கலாம். 2016 ஆகஸ்டில் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்ததற்கு, பஞ்சு சூடேற்றியைத் தொட்டுவிடக்கூடிய குறையுள்ள டிரையர் ஒன்றே காரணமாயிற்று. உங்கள் டிரையரின் மாடல் எண் கதவின் உள்விளிம்பில் இருக்கும். அதை அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் திரும்பப் பெறும் பட்டியலில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை வீட்டுக்காரரின் பொறுப்பு என்று காத்திருக்க வேண்டாம். துணி காயும் நேரத்தை மூன்று வாரம் குறித்து வைத்து, நேரம் கூடுகிறது என்று எழுத்தில் தெரிவித்தால் தட்டிக் கழிப்பது அவர்களுக்குக் கடினம். அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில் உட்கூரையில் இரண்டாவது பஞ்சு வடிகட்டி ஒன்று, ஒரு சின்னக் கதவோடு, பொருத்தப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் குடியிருந்தும் அது இருப்பதே தெரியாதவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

சுத்தம் செய்த அன்று முதல் சுமையைப் போட்டுவிட்டு, அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு என்னோடு பின்பக்கம் வந்தார். பனி முழங்கால் வரை கிடந்தது. சுவரில் மூடி நேராக எழுந்து நின்று, அதிலிருந்து வெண்மையாக ஆவி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கையுறையைக் கழற்றி அதில் கையைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். துணி 44 நிமிடத்தில் காய்ந்தது. அந்த எண்ணை டிரையரின் பக்கவாட்டில் ஒரு டேப் துண்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்; பத்து நிமிடம் கூடினால் பிரஷை எடுப்பது என்று ஏற்பாடு. இப்போது பிரஷ் எங்களிடம் இல்லை. தெருக்கோடியில் இருக்கும் ஒரு குடும்பம் வாங்கிப் போயிருக்கிறது. அவர்களுக்குப் பிறகு இன்னும் இரண்டு வீட்டார் கேட்டிருக்கிறார்கள்.